செருகினதும் 'இது பென் டிரைவ்'னு கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியுது?

மவுஸ், கீபோர்டு, பென் டிரைவ் என எதை யுஎஸ்பி போர்ட்டில் செருகினாலும், சில நொடிகளில் கம்ப்யூட்டர் அதை அடையாளம் கண்டுவிடுகிறது. எப்படி?

'நீ யாரு?'

செருகியதும் 1 முதல் 127-க்குள் ஒரு முகவரி எண்ணை அந்தச் சாதனத்துக்கு கம்ப்யூட்டர் தரும். பிறகு 'நீ யாரு?' எனக் கேட்கும். பதிலுக்கு 'டிஸ்கிரிப்டர்' எனும் தகவல் பட்டியலைச் சாதனம் அனுப்பும். தயாரிப்பாளர் எண், மாடல் எண், எவ்வளவு மின்சாரம் வேண்டும், என்ன வேலை செய்யும் என எல்லாம் அதில் இருக்கும். வேலைக்கும் தனி எண் உண்டு. கீபோர்டு, மவுஸ் என்றால் 03, பென் டிரைவ் என்றால் 08. அதற்கேற்ற டிரைவரை கம்ப்யூட்டர் இயக்கும்.

சிக்கலே இங்கதான்!

சாதனம் சொல்வதை கம்ப்யூட்டர் பொதுவாக அப்படியே நம்பிவிடும். உள்ளே இருக்கும் ஃபர்ம்வேரை மாற்றிய ஒரு பென் டிரைவ் 'நான் கீபோர்டு' என்று சொன்னால், தானாகவே கட்டளைகளை டைப் செய்ய முடியும். இதுதான் 'பேட் யுஎஸ்பி'. 2014-ல் அமெரிக்காவில் நடந்த பிளாக் ஹாட் மாநாட்டில் கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் இருவரும் இதைச் செய்து காட்டினார்கள். ஃபைல்களை மட்டும் ஸ்கேன் செய்யும் ஆன்டிவைரஸ் இதைக் கண்டுபிடிக்காது.

அதனால, கீழே கிடந்த பென் டிரைவை 'உள்ளே என்னதான் இருக்கு?'ன்னு செருகிப் பார்க்காதீங்க மக்களே!