மூன்று நிமிட நேர்காணலும் ஒரு மாணவரின் எதிர்காலமும்

பெங்களூரு தொம்மலூர் சொக்கப்பெருமாள் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் அவ்வூரைத் தேசிமாணிக்கப் பட்டணம் என்றும் குறிக்கின்றன. கோயிலுக்கு விடப்பட்ட கொடைகள் அங்கே ஊரறியக் கல்லில் வெட்டப்பட்டன. கொடுத்தவர் யார், கொடுத்தது எது என்பதைப் பின்னால் வருகிறவர்கள் திரித்துச் சொல்ல முடியாது. பொதுவானதைப் பங்கிடுகிறவர் கணக்கையும் பொதுவில் வைக்க வேண்டும். கல்லூரி இடங்களைப் பங்கிடுவதில் இந்த நெறி நெடுங்காலம் தவறியே வந்திருக்கிறது.

1963இல் மைசூர் அரசு, பொறியியல், மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கு விருப்பப் பாடங்களின் மொத்த மதிப்பெண்ணில் 25 விழுக்காட்டுக்குச் சமமான மதிப்பெண்ணை நேர்காணலுக்கு ஒதுக்கியது. பொது அறிவு, ஆளுமை, விளையாட்டு, பேச்சு, நாடகம் என்று அளவுகோல்கள் விரிந்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. தவறாகப் பயன்படக்கூடும் என்பதற்காக மட்டும் ஒரு முறை செல்லாததாகிவிடாது என்று 1964இல் சித்ரலேகா வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். நீதிபதி முதோல்கர் மாறுபட்டார்: படிப்பில் முந்தியவரை நேர்காணல் பின்னுக்குத் தள்ளினால் உயர்கல்வியின் தரமே தாழும் என்பது அவர் கவலை.

அந்தக் கவலையை அடுத்து வந்த வழக்குகள் மெய்ப்பித்தன. தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பற்றிய பெரியகருப்பன் வழக்கில் (1970), நேர்காணலுக்கான 75 மதிப்பெண்ணைத் தலைப்புவாரியாகப் பிரித்துப் போடாமல் மொத்தமாகப் போட்டிருந்தது தெரியவந்தது. சிறீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50. ஆனால் ஒருவரிடம் பேசியது இரண்டு மூன்று நிமிடம்; கேட்டதோ பெற்றோரைப் பற்றியும் ஊரைப் பற்றியும். அந்தக் கல்லூரி பற்றிய அஜய் ஹாசியா வழக்கில் 1980இல் உச்ச நீதிமன்றம், நேர்காணலுக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்றதோடு, உரையாடலை ஒலிநாடாவில் பதியலாம் என்றும் யோசனை சொன்னது.

வெறும் மதிப்பெண் ஒரு மாணவர் ஏறிவந்த மேட்டைக் காட்டாது என்பார்கள். உண்மைதான், பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவருக்குத் தேர்வும் சாதகம்தான். ஆனால் அந்த மேட்டை மூவர் முன் அமர்ந்து மூன்று நிமிடம் பேசுவதாலும் அளக்க முடியாது. அங்கே முந்துவது, வீட்டிலேயே நயமாகப் பேசப் பழகிய பிள்ளை. மைசூராக இருந்த கர்நாடகம் பின்னர் வேறு வழியும் கண்டது. அங்கே பொது நுழைவுத் தேர்வின் வழியான சேர்க்கையில், ஒன்று முதல் பத்தாம் வகுப்புவரை கிராமப்புறத்தில் படித்தவர்களுக்கு 15 விழுக்காடும், கன்னட வழியில் படித்தவர்களுக்கு 5 விழுக்காடும் ஒதுக்கீடு உண்டு. சூழ்நிலை கணக்கில் வருகிறது. அதற்கான விதியையும் எவரும் முன்கூட்டியே படித்துப் பார்க்கலாம். இதே வெளிப்படைத்தன்மை இருந்தால் நேர்காணலையும் ஒழிக்க வேண்டியதில்லை. எந்தத் தலைப்பில் எத்தனை மதிப்பெண், ஏன் என்று எழுதிவைத்து, இடம் கிடைக்காத மாணவர் கேட்டால் காட்ட வேண்டும். அப்படிக் காட்டத் துணியாத தேர்வுக்குழுவுக்கு ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை முடிவு செய்யும் உரிமை கிடையாது.