எண்ணெய் ஒழுகும் எஞ்சினுக்குள் இரண்டு மரத்துண்டுகள்



இங்கிலாந்தில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற அந்தக்கால ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருக்கிறார். "சார், நிறுத்தின இடமெல்லாம் ஆயில் சொட்டுது" என்று எழுதியிருந்தார். பிரிட்டிஷ் கார் என்றாலே அப்படித்தான் என்று அங்கே சிரித்துவிட்டுப் போகிறார்களாம். காரணம் வரலாற்றில் இருக்கிறது.

ஸ்பிட்ஃபயர் 1962 அக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சிக்கு வந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலாட்டி. ஸ்டாண்டர்டு ட்ரையம்ப் கம்பெனியில் பணமுடை, ஆகவே மாதிரி வண்டி தொழிற்சாலை மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. 1961இல் கம்பெனியை வாங்கிய லேலண்டுக்காரர்கள் துணியை விலக்கிப் பார்த்துத்தான் அதற்கு உயிர் வந்தது. புது எஞ்சின் செய்யக் காசு ஏது? ஹெரால்டு காரின் சேஸிஸைக் குறுக்கி, அந்த எஞ்சினையே வைத்தார்கள். ஆமாம், நம் சென்னையிலும் தயாரான அதே ஹெரால்டுதான்! பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அந்த எஞ்சின் 1953இல் ஸ்டாண்டர்டு எய்ட் என்ற மலிவான குடும்பக் காருக்காகப் பிறந்தது. அப்போது 803 சிசி. ஸ்பிட்ஃபயரில் 1147, பிறகு 1296, கடைசியில் 1493. ஏறக்குறைய இரண்டு மடங்கு. கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பேரிங் மட்டும் கடைசிவரை மூன்றேதான். சின்னப் பையனுக்குத் தைத்த சட்டையை அண்ணனுக்கும் அப்பாவுக்கும் பிரித்துப் பிரித்துத் தைத்த கதை.

இனி ஒழுகலுக்கு வருவோம். ஆரம்பகால எஞ்சின்களில் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. திருகாணி மரை போல எதிர்த்திசையில் வரி வெட்டியிருப்பார்கள். கிராங்க் சுற்றும்போது அந்த மரை எண்ணெயை உள்ளே தள்ளும். உரசல் இல்லை, தேய்மானம் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. ஆனால் சுற்றினால்தான் தள்ளும்! எஞ்சினை நிறுத்தினால் அங்கே தங்கிய எண்ணெய் மெல்லக் கசியும். ஓடும்போது யோக்கியமாக இருந்த வண்டி, நின்றதும் தரையில் கோலம் போடுவது இதனால்தான். பின்னால் ரப்பர் சீல் வந்தது.

முன்பக்கம் இன்னும் வேடிக்கை. எஞ்சின் பிளாக்கின் அடியில் முன்பக்கம் ஒரு திறப்பு உண்டு. அதை அடைக்க ஓர் அலுமினியக் கட்டை. அதன் இரு பக்க இடைவெளிகளில் இரண்டு சிறு மர ஆப்புகள். கேலி இல்லை, மரமேதான். தட்டி இறக்கி, மட்டமாகச் சீவிவிட்டு, மேலே கேஸ்கட் வைத்து ஆயில் சம்ப்பை மாட்டுவார்கள். ஒழுகுகிறதே என்று போல்ட்டை இறுக்கி இறுக்கியே அலுமினியத்தின் மரை கழன்றுபோன வண்டிகள் ஏராளம். இப்போது இரும்பிலேயே அந்தக் கட்டை கிடைக்கிறது. அதையே போடலாம் என்பேன்.

மாணவருக்கு நான் எழுதியது இது. முதலில் எஞ்சினைச் சுத்தமாகக் கழுவித் துடை. கொஞ்சம் ஓட்டிவிட்டு மேலிருந்து கீழாகப் பார். மேல்மூடியின் கார்க் கேஸ்கட், பெட்ரோல் பம்ப் கேஸ்கட், ஆயில் பிரஷர் ஸ்விட்ச் இவற்றில் கசிவதும் கீழே இறங்கி, காற்றில் பின்னால் போய், பின் சீல்மேல் பழி போடும். புகைபோக்கும் குழாய் அடைத்திருக்கிறதா, பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உள்ளே அழுத்தம் ஏறினால் எந்த சீலும் நிற்காது.

பின்பக்கம்தான் என்று உறுதியானால் எஞ்சினை இறக்க வேண்டாம். இருக்கைகளையும் நடுவில் உள்ள மூடியையும் கழற்றி, கியர் பாக்ஸை காருக்குள்ளிருந்தே வெளியே எடுக்கலாம். பிறகு கிளட்ச், ஃப்ளைவீல். மரை உள்ள பழைய எஞ்சின் என்றால், அதன் அலுமினிய மூடியை மாட்டும்போது கிராங்கைச் சுற்றிலும் காகிதத் தடிமன் இடைவெளி ஒரே சீராக இருக்க வேண்டும். அரைகுறையாக இறுக்கி, ஃபீலர் கேஜ் விட்டுச் சுற்றிலும் அளந்து, அதன்பிறகே முழுதாக இறுக்கணும். அவசரப்பட்டால் கியர் பாக்ஸை மறுபடியும் தூக்க வேண்டிவரும். அதன் எடை உன் முதுகுக்குத் தெரியும்.