சுகோமாஜ்ரி நீர்ப்பிடிப்பு மேலாண்மை

சுகோமாஜ்ரி, ஹரியானா மாநிலத்தின் பஞ்ச்குலா மாவட்டத்தில் சிவாலிக் மலையடிவாரத்தில் உள்ள சிற்றூர். மலையையும் மழைநீரையும் ஊராரே பொறுப்பேற்றுக் காத்ததற்காக இந்தியா முழுவதும் அறியப்பட்டது. 1970களின் நடுவில் தொடங்கிய இம்முயற்சியில் அணையை விட நீர்ப் பங்கீடே பெரிய வேலையைச் செய்தது.

பின்னணி

சிவாலிக், இமயத்தின் வெளிவரிசை. வயதில் இளைய மலை. அதன் மணற்பாறையும் களிமண்ணும் இன்னும் இறுகாதவை. ஆண்டு மழையில் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடும். மரம் இழந்த சரிவில் விழும் மழை, மண்ணை வாரிக்கொண்டு ‘சோ’ எனப்படும் காட்டோடைகளாக இறங்கும். மழைநாளில் கரைபுரளும் சோ மற்ற நாளில் வெறும் மணல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹோஷியார்பூர்ப் பக்கம் விளைநிலங்கள் இந்த மணலில் புதைந்தன. அதைத் தடுக்க 1900இல் காலனிய அரசு பஞ்சாப் நிலப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மலையில் மேய்ச்சலையும் மரம் வெட்டுவதையும் தடைசெய்ய அது அரசுக்கு அதிகாரம் தந்தது. ஆடுமாடு வைத்துப் பிழைப்பவர் தீவனத்துக்கு எங்கே போவது என்பதற்கு அதில் வழியில்லை. காவலர் இல்லாத நேரத்தில் ஆடுகள் மலையேறின. கோடரியும் கூடவே ஏறியது. மலையைக் காவல் போட்டுக் காக்கும் இந்த முறை விடுதலைக்குப் பின்னும் வனத்துறையில் தொடர்ந்தது.

சண்டிகர் நகருக்காக 1958இல் சுக்னா சோவின் குறுக்கே கரை கட்டி சுக்னா ஏரி உருவாக்கப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அதன் பெரும்பகுதி தூர்ந்தது. மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் சண்டிகர் மையத் தலைவராக இருந்த பி. ஆர். மிஸ்ராவும் குழுவினரும் வண்டல் வரும் தடத்தைப் பிடித்து மேலேறியபோது, சுகோமாஜ்ரிக்கு மேலிருந்த மொட்டைச் சரிவுகளுக்கு வந்து சேர்ந்தார்கள்.

நீர்ப் பங்கீடு

1976இல் முதல் மண் அணை கட்டப்பட்டது. திட்டத்துக்கு ஃபோர்டு அறக்கட்டளை நிதியுதவி செய்தது. வண்டலைத் தடுப்பதே அணையின் முதல் நோக்கம். மழை தவறிய பருவத்தில், தேங்கிக் கிடந்த நீர் கோதுமையைக் காப்பாற்றியதும்தான் ஊராருக்கு அது தங்கள் அணை ஆயிற்று. நீர், புதைகுழாய்கள் வழியே மேட்டிலிருந்து தானாக இறங்கி வயல்களுக்குப் பாய்ந்தது.

அங்கேதான் சிக்கலும் முளைத்தது. மண் அரிப்பைத் தடுக்க எல்லாரும் மலை மேய்ச்சலை நிறுத்தவேண்டியிருந்தது; ஆனால் குழாய் எட்டும் இடத்தில் நிலம் உள்ளவருக்கே நீர் கிடைத்தது. நிலம் இல்லாதவர்கள், ‘தண்ணீர் உங்கள் வயலுக்கு, ஆட்டைக் கட்டிப்போடுவது மட்டும் நாங்களா?’ என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது, அதைத் தட்டிக்கழித்திருந்தால் திட்டம் அன்றோடு முடிந்திருக்கும்.

ஊர் கூடி எடுத்த முடிவு: நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நீரில் சமபங்கு. பங்குக்கு அடையாளமாகச் சீட்டு வழங்கப்பட்டது. நிலமற்ற குடும்பம் தன் சீட்டை விற்கலாம். நிலமுள்ளவருக்கு நீரைக் கொடுத்து விளைச்சலில் பங்கு வாங்கலாம். மலையில் ஆடு விட்டால் நீர்ப் பங்கு பறிபோகும். கம்பிவேலி தேவைப்படவில்லை. இதையே ‘சமூக வேலி’ என்றார்கள். ஆடுகள் குறைந்து, தொழுவத்தில் கட்டித் தீனி போடும் எருமைகள் பெருகின. பால் வருமானம் கூடியது.

ஊரார் அனைவரும் குஜ்ஜர் சமூகத்தினர் என்பது பேச்சை எளிதாக்கியது. ஆனால் ஒரே சாதிக்குள்ளும் நிலம் ஏற்றத்தாழ்வாகவே இருந்தது. ஊரைக் கட்டி நிறுத்தியது சமபங்குதான்.

சங்கமும் புல்லும்

1980களின் தொடக்கத்தில் ஊராரின் அமைப்பு மலைவள மேலாண்மைச் சங்கமாகப் பதிவு பெற்றது. மேய்ச்சல் நின்ற சரிவுகளில் பாபர் புல் தழைத்தது. கொத்துக் கொத்தாக வளர்ந்து வேரால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் புல் அது. இளசாக இருக்கையில் கால்நடைத் தீவனம். முற்றினால் கயிறு திரிக்கலாம், காகிதக் கூழுக்கும் ஆகும். அதுவரை வனத்துறை புல்லை ஒப்பந்தக்காரருக்கு ஏலம் விட்டுவந்தது. தங்கள் ஊர் மலைப் புல்லை அறுக்கவே குடும்பங்கள் அவரிடம் பணம் கட்டவேண்டியிருந்தது. குத்தகை சங்கத்தின் கைக்கு மாறியதும் பொதுவருமானம் ஊருக்கே வந்தது. சங்கத்துக்குக் கணிசமான வருமானம் தந்தது இந்தப் புல்தான்.

பரவலும் பின்னிலையும்

பக்கத்து நாடா, புங்கா ஊர்களும் பிறகு ஹரியானா சிவாலிக்கின் பல ஊர்களும் இம்முறையைத் தொடர்ந்தன. 1990இல் மைய அரசு வெளியிட்ட கூட்டு வன மேலாண்மை நெறிமுறைகளுக்கு மேற்கு வங்கத்தின் அராபாரியும் சுகோமாஜ்ரியும் முன்னோடிகளாகக் கொள்ளப்படுகின்றன. பின்னாளில் சீட்டு முறை கைவிடப்பட்டு, மணிக்கணக்கில் கட்டணம் வாங்கி நீர் விடப்பட்டது. புல் வருமானத்தில் வனத்துறையின் பங்கு கூடியது. அணைகளில் வண்டல் சேர்ந்து கொள்ளளவு குறைந்தது. சங்கம் முந்தைய வலுவை இழந்தது.