வாட்டர்லூ வீதியில் ஒரு பெரட்டு

சிலம்பம் பயில வருவோனுக்கு ஆசான் முதல் நாளிலேயே கம்பைக் கொடுப்பதில்லை. முதலிற் காலடி, காலடி நின்ற பின்னரே கம்பு. நம்மவர் மலாயாத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்த செல்வங்களுள் இக்கலையும் ஒன்று. ஆயினும் அக்களத்தில் ஆடினோர் பெரும்பாலும் ஆண்களே. தற்காப்பு யாருக்கு மிகவும் வேண்டியிருந்ததோ, அப்பெண்மக்கள் அப்பால் நின்று வேடிக்கை பார்த்தனர்.

சிங்கப்பூரில் 1943-ஆம் ஆண்டு இந்நிலை சற்றே மாறிற்று. ஜூலை 9-ல் பாடாங் திடலிற் கூடிய பெருங்கூட்டத்திற் சுபாஷ் சந்திர போஸ், பெண்களுக்கென ஒரு படை வேண்டுமென்றார். ஜூலை 12-லேயே ஏறத்தாழ இருபது பெண்கள் துப்பாக்கியேந்தி அவருக்கு அணிவகுப்பு மரியாதை செய்தனர். அவர்களைத் திரட்டியவர், சென்னையிற் பிறந்து சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்துவந்த டாக்டர் இலட்சுமி. அக்டோபர் 22-ல் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் வாட்டர்லூ வீதியில் திறக்கப்பட்டது. சிராங்கூன் சாலையிலிருந்து நடந்தே செல்லக்கூடிய இடம். ஜப்பானிய அதிகாரிகளுக்கு இம்முயற்சி உவப்பாயில்லை.

சேர்ந்தோரிற் பலர் ரப்பர் தோட்டத் தமிழ்ப் பெண்கள். தோட்ட ஆண்கள் ஆயிரக்கணக்கிற் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட காலம் அது என்பதையும் நேயர்கள் மறத்தலாகாது.

தோட்டத்துக் கிராணியாகிய எனக்கு இங்கே ஒரு சொல் நினைவுக்கு வருகிறது. விடியுமுன் ஆட்களை நிறுத்திக் கணக்கெடுப்பதைத் தோட்டத்திற் 'பெரட்டு' என்பர். அங்கே பெண் தலைகுனிந்து நின்றாள், கங்காணி எண்ணினான். வாட்டர்லூ வீதியிலும் அவள் காலையில் வரிசையில்தான் நின்றாள்; ஆனால் தலை நிமிர்ந்து நிற்கும்படி கட்டளை! அக்கட்டளையும் அவளறியாத இந்துஸ்தானியில்.

பயிற்சியின் முறை நம் சிலம்ப ஆசானுடையதே போலும். உடற்பயிற்சி, நெடுநடை, பின்பே படைக்கலம். லீ-என்பீல்டு துப்பாக்கி ஏறக்குறைய 9 இராத்தல் எடை. அதன் முனையிற் கத்தியைச் செருகிக் குத்துங்கால், காலை முன்வைத்து உடலின் பாரம் முழுவதையும் முனைக்கு ஏற்ற வேண்டும். காலடி தவறினால் குத்தும் தவறும். கைக்குண்டும் இயந்திரத் துப்பாக்கியும் பின்னர் வந்தன.

1944-ல் ஒரு பகுதியினர் பர்மா சென்றனர். போர்முனையிற் சுடும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை, காயமுற்றோரைப் பேணினர், 1945-ல் இரங்கூனிலிருந்து பின்வாங்கினர். சுடாத படைதானே என்று இகழ்வோர் உளர். பால்வெட்டுக் கத்தியன்றிப் பிறிதொன்றைப் பிடித்தறியாத கைகள் அவை என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

டாக்டர் இலட்சுமி 2012 வரை வாழ்ந்தார். அவர் வரலாறு அச்சிலுண்டு. எழுத்தறியாத தோட்டப் பெண்கள் பலருக்கு அது இல்லை. உங்கள் வீட்டுப் பெரியோர் அவர்களைப்பற்றிச் சொன்னதுண்டாயின், பெயரும் தோட்டமும் குறித்து எழுதி வையுங்கள்.