கிளிப்பர்டன்: யாருமே இல்லாத தீவு யாருக்குச் சொந்தம்?



யாழ்ப்பாணத்தில் விரலை வைத்து, உலக உருண்டையை ஏறத்தாழ அரைச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். கிட்டத்தட்ட அதே அட்சரேகையில், பசிபிக் கடலின் நடுவில், ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அதுதான் கிளிப்பர்டன் தீவு. மெக்சிக்கோ கரையிலிருந்து 1,000 கிலோமீட்டருக்கும் அதிக தூரம். வளையம் மாதிரி ஒரு பவளத்தீவு. நிலம் சுமார் 2 சதுர கிலோமீட்டர் மட்டுமே. நடுவில் கடலோடு சேராத ஒரு ஏரி, ஓரத்தில் 29 மீட்டர் உயரமான ஒரு பாறை, கொஞ்சத் தென்னை மரங்கள், எண்ணிக்கையில்லாத நண்டுகளும் கடற்பறவைகளும். மனிதர் யாரும் குடியில்லை.

நான் மென்பொருள் வேலை செய்கிறவன். நாடுகளின் குறியீட்டுப் பட்டியல்களோடு அடிக்கடி மல்லுக்கட்டுவேன். அப்படித்தான் இந்தத் தீவு எனக்கு அறிமுகமானது. ஒருவரும் வசிக்காத இடத்துக்கு 'சிபி' என்று ஒரு குறியீடு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். 98799 என்று பிரெஞ்சுத் தபால் எண் வேறு உண்டு! கடிதம் வாங்க ஆள்தான் இல்லை.

இது எப்படிப் பிரான்சின் கைக்குப் போனது? 1858 நவம்பர் 17 அன்று, கெர்வெகன் என்ற கடற்படை அதிகாரி, தீவிலிருந்து அரை மைல் தள்ளி நின்ற ஒரு வணிகக் கப்பலில் இருந்தபடியே "இது இனிப் பிரான்சுக்குச் சொந்தம்" என்று பத்திரம் எழுதினார். மாலுமிகள் சிலர் சிரமப்பட்டுக் கரையேறினார்கள். சில நாட்களில் கப்பல் போய்விட்டது. கரையில் ஒரு அடையாளம்கூட விடவில்லை. ஹொனலூலுவில் வெளிவந்த ஒரு பத்திரிகையில் அறிவித்தல் போட்டார்கள். அவ்வளவுதான்.

ஸ்பெயினிடமிருந்து வந்த தீவு, ஆகவே தங்களுடையது என்றது மெக்சிக்கோ. 1897இல் போர்க்கப்பல் அனுப்பித் தன் கொடியை ஏற்றியது. 1909இல் இரண்டு நாடுகளும் பிணக்கை இத்தாலி அரசர் மூன்றாம் விக்டர் இமானுவேலின் தீர்ப்புக்கு விட ஒப்புக்கொண்டன. தீர்ப்பு வருவதற்குள் தீவில் நடந்ததுதான் கொடுமை.

தீவு தன்னுடையது என்று காட்ட, மெக்சிக்கோ அங்கே ஒரு சிறு படையை வைத்திருந்தது. தலைவர் கப்டன் ரமோன் அர்னோ. சிப்பாய்களோடு மனைவிமாரும் பிள்ளைகளும் இருந்தார்கள். சாப்பாடு கப்பலில்தான் வரும். 1914இல் மெக்சிக்கோவில் உள்நாட்டுப் போர் முற்றியதும் கப்பல் வரவில்லை. மரக்கறி, பழம் இல்லாமல் ஸ்கர்வி நோய் வந்து ஒவ்வொருவராகச் செத்தார்கள். 1915இல், தூரத்தில் தெரிந்ததாக நினைத்த ஒரு கப்பலைப் பிடிக்கப் படகில் போன அர்னோவும் கடலில் இறந்தார். கடைசியாக மிஞ்சிய ஆண், கலங்கரை விளக்கக் காவலர். தன்னையே ராஜா என்று சொல்லிக்கொண்டு பெண்களைக் கொடுமைப்படுத்தினார். 1917 யூலையில் அந்தப் பெண்களே அவரைக் கொன்றார்கள். அந்த மாதம் 18ஆம் திகதி அமெரிக்கக் கப்பல் யோர்க்டவுன் வந்தபோது உயிரோடு இருந்தவர்கள் 4 பெண்களும் 7 பிள்ளைகளும்தான்.

1931இல் தீர்ப்பு வந்தது. தீவு பிரான்சுக்கு! ஸ்பெயின் உரிமைக்கு ஆதாரம் இல்லை. 1897க்கு முன் மெக்சிக்கோ அங்கே ஆட்சி செய்ததாகவும் காட்டவில்லை. ஆளில்லாத தீவு என்பதால் 1858இல் செய்த பிரகடனமே போதும் என்றார் அரசர். 1934இல் மெக்சிக்கோ தன் அரசியலமைப்பிலிருந்து தீவின் பெயரை நீக்கியது.

சட்டப்படி இந்த முடிவில் ஒரு நியாயம் இருக்கிறது. வழக்கு வந்த பிறகு ஆளைக் கொண்டுபோய் வைத்தால் உரிமை வந்துவிடும் என்றால், பலமுள்ளவன் எல்லாத் தீவுக்கும் ஆள் அனுப்புவான். ஆனால் அதன் மறுபக்கத்தையும் பாருங்கள். அந்தக் குடும்பங்கள் அங்கே இருந்ததே ஒரு உரிமையை நிரூபிக்கத்தான். கணக்கில் எடுக்கவே முடியாத ஒரு சாட்சிக்காக அவர்களைப் பட்டினி போட்டார்கள்.

இன்றைக்கு இந்தத் தீவால் பிரான்சுக்கு என்ன லாபம்? கடல். தீவைச் சுற்றி 200 கடல் மைல் வரை, 4 லட்சத்து 30 ஆயிரம் சதுர கிலோமீட்டர் அளவு கடலுக்குப் பிரான்ஸ் உரிமை கோருகிறது. முழு இலங்கையைப் போல ஆறு மடங்குக்கு மேல்! அங்கே சூரை மீன் பிடிக்க 2007இல் மெக்சிக்கோ பிரான்சோடு ஒப்பந்தம் செய்தது. ஆனால் ஐ.நா. கடல் சட்டத்தின் 121ஆவது பிரிவு, மனிதர் வாழவோ சொந்தமாகப் பொருளாதாரம் நடத்தவோ முடியாத பாறைக்கு அப்படிக் கடல் கிடையாது என்கிறது. அப்படியானால் கிளிப்பர்டன் தீவா, பாறையா? சட்ட அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். மனிதர் வாழ முடியுமா என்ற கேள்விக்கு அந்தப் பதினொரு பேரிடம் ஒரு பதில் இருந்திருக்கும்.

இனி ஏதாவது வரைபடத்தில் ஒரு புள்ளியும், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு நாட்டின் பெயரும் கண்டால், கொஞ்சம் நின்று இரண்டு கேள்வி கேளுங்கள். இதை எழுதியது யார்? அதற்கு விலை கொடுத்தது யார்? பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆட்கள் இல்லை.