சட்டத்துக்குள் ஒரு ரவிவர்மா

பழைய வீடுகளில் சட்டமிட்டு மாட்டியிருந்த லட்சுமி, சரஸ்வதி படங்களைக் காட்டி, "இது ரவிவர்மா படந்தானே, என்ன விலை பெறும்?" என்று புலம்பெயர்ந்த உறவினர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை நம்மவரிடையே இன்னும் அழியவில்லைப் போலும். விலையை ஏலக்காரர் சொல்லட்டும். அதற்கு முன் கையிலிருப்பது என்ன படம் என்று தெரியவேண்டும்.

ராஜா ரவிவர்மா (1848-1906) 1894இல் பம்பாயில் ஓர் அச்சகத்தை நிறுவினார். ஜேர்மன் இயந்திரங்கள், ஜேர்மன் தொழில்நுட்பர்கள். ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனித்தனிக் கல்லில் உருவம் தீட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டு, இறுதியில் எண்ணெய் ஓவியம்போல் மினுங்க வார்னிஷ் பூசினார்கள். ஓலியோகிராப் என்ற பெயர் அதனால் வந்தது. 1899இல் அச்சகம் லோனாவ்லாவுக்கு அருகிலுள்ள மளவ்லிக்குப் பெயர்ந்தது. நட்டமும் கடனும் நெருக்கவே, அடுத்த சில ஆண்டுகளில் அங்கு பணியாற்றிய பிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜேர்மனியருக்கு அது விற்கப்பட்டது. ஓவியர் மறைந்த பின்னரும் அவர் பெயரிலேயே அச்சகம் பல்லாண்டுகள் இயங்கியது. 1972இல் தீ அதை அழித்தது.

ஆகவே 'ரவிவர்மா அச்சகம்' என்ற எழுத்துகள் இருப்பதால் மட்டும் படம் ரவிவர்மா தீட்டியதாகிவிடாது. பிறர் வரைந்தவையும் அங்கே அச்சாகின. படத்திலுள்ள கையொப்பமும் கல்லிலிருந்து அச்சானதே, பேனாவால் இட்டதன்று. அச்சக முகவரி கீழ் ஓரத்தில் இருக்கும். சட்டத்தின் அளவுக்குப் பொருந்தவேண்டி அந்த ஓரத்தையே நறுக்கிவிட்ட படங்கள் ஏராளம். எனவே முதலில் பார்க்கவேண்டியது சட்டத்தின் விளிம்புக்குள் மறைந்திருக்கும் தாளை.

அடுத்து ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி. கல்லச்சில் வர்ணம் ஒழுங்கற்ற மணல்போல் சிதறித் தெரியும். புள்ளிகள் அணிவகுத்து நின்றால் அது பிற்கால இயந்திரப் பிரதி. எவ்வளவு பழுப்பேறியிருந்தாலும் அப்படித்தான். தேநீரில் தோய்த்துத் தாளைப் பழுப்பாக்குவது கஷ்டமான காரியமல்ல.

பின்பக்கத்தைத் திருப்பினால் பலகைக்கு அடியில் சிலவேளை பழைய செய்தித்தாள் இருக்கும். என் கண் முதலில் போவது அதற்குத்தான்; தொழில் பழக்கம். அதிலுள்ள திகதி சட்டமிட்ட காலத்துக்கு ஒரு குறிப்பாகலாம். அச்சிட்ட காலத்தை அது சொல்லாது. துருப்பிடித்த ஆணி, கறையான் தின்ற சட்டம் ஆகியவையும் அவ்வாறே.

சந்தையில் சந்தனப் பொட்டு, குங்குமக் கறை, விளக்குப் புகை எல்லாம் குறைகள். விலை குறையும். இங்கேதான் எனக்கும் சந்தை மதிப்பீட்டுக்கும் ஒத்துவருவதில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்த மண் எங்களுடையது. கோயில் உள்வீதி மறுக்கப்பட்ட மனிதரின் குடிலுக்கும் இந்தக் கடதாசித் தெய்வம் யாரிடமும் அனுமதி கேட்காமல் வந்தது. அதன் நெற்றியில் அவர்கள் தம் கையாலேயே சந்தனம் வைத்தார்கள். அந்தப் பொட்டைத் துடைத்துவிட்டால் எஞ்சுவது, ஆயிரக்கணக்கில் அச்சான ஒரு தாள்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் வெறுமையானபோது எடுத்துச்செல்ல முடியாதவற்றில் கண்ணாடிப் படங்களும் அடங்கும். சட்டத்தை உடைத்துத் தாளை மட்டும் சுருட்டிக்கொண்டு போன ஒரு குடும்பத்தின் சரஸ்வதியை நான் பார்த்திருக்கிறேன். வார்னிஷ் குறுக்கே வெடித்து, வீணைக்கு மேல் நான்கு வெண்கோடுகள். புதுப்பித்து வர்ணம் பூசலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். புது வர்ணம் பூசிய அச்சுப்படத்தைச் சேகரிப்பாளர்களும் விரும்புவதில்லை என்பதால் அந்த அறிவுரையில் நட்டமும் இல்லை.

செய்யக்கூடியது சிறிது. ஈரத்துணியால் துடைக்காதீர்கள். வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். தாளோடு ஒட்டியிருக்கும் பழைய அட்டை அமிலம் கக்கும். அதைத் தேர்ந்தவர் ஒருவரைக்கொண்டு அகற்றுவியுங்கள். அகற்றிய அட்டையையும் செய்தித்தாளையும் எறியாமல் ஓர் உறையிலிட்டு, படம் எந்த வீட்டில், எந்த அறையில் இருந்தது என்பதை அதன்மேல் எழுதி வையுங்கள்.