பாதை இருந்த கரைகள்: கொட்டியாரக்குடாவைச் சுற்றி ஒரு விடுமுறைப் பயணம்




ஓகஸ்ட் விடுமுறை வருகிறது. "சேர், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக ஒரு நல்ல இடம் சொல்லுங்க, செலவும் கூடாம இருக்கணும்" என்று சில பெற்றோர் கேட்டிருந்தார்கள். நுவரெலியாவும் எல்லவும் எங்கேயும் ஓடிப்போகாது. இந்த முறை நம்முடைய மாவட்டத்தின் கரையோர வீதியையே ஒரு முறை முழுதாக ஓடிப் பாருங்கள். வடக்கே புல்மோட்டை, தெற்கே வெருகல். இரண்டு நாள் போதும். வாடி வீடு, ஹோட்டல் எதுவும் தேவையில்லை. இரவு உங்கள் வீட்டிலேயே தூங்கலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை. போகிற வழியில் எதைப் பார்க்கிறோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். அதற்காகத்தான் இந்த நீண்ட பதிவு.

முதலில் ஒரு சொல். "பாதை" என்றால் என்ன என்று பத்தாம் ஆண்டு வகுப்பில் கேட்டேன். வீதி, வழி, ரோட்டு என்று பதில் வந்தது. கிண்ணியாவில் உறவினர் உள்ள இரண்டு பிள்ளைகள் மட்டும்தான் "ஆத்தைக் கடக்கிற பாதை, சேர்" என்றார்கள். நம்முடைய கிழக்கு மாகாணத்தில் பாதை என்றால் வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றி ஆற்றைக் கடக்கும் மிதவை. மிதக்கும் அடித்தளம், மேலே பலகை, கரைக்குக் கரை இழுத்துக் கட்டிய கயிறு. வீதி முடிகிற இடத்தில் பாதை தொடங்கும். இந்த ஒரு சொல்லுக்குள்தான் நம்முடைய கரையோரத்தின் வரலாறு இருக்கிறது.

*முதல் நாள்: வடக்கு*

சுபஹு தொழுதுவிட்டுப் புறப்படுங்கள். உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி. புறாத்தீவு 2003இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. படகில் போவதென்றால் காலையிலேயே போய்விடுங்கள், பவளப்பாறையில் கால் வைக்க விடாதீர்கள். பிறகு இறக்கக்கண்டிப் பாலம், குச்சவெளி, திரியாய். திரியாய்க் குன்றில் உள்ள கிரிஹண்டு சேய தபஸ்ஸு, பல்லுக என்ற இரண்டு வணிகர்களின் பெயரோடு சேர்த்துப் பேசப்படுவது. அந்தக் கதையே ஒரு விஷயத்தைச் சொல்கிறது: இந்தக் கரைக்கு ஆட்கள் முதலில் கடல் வழியாகத்தான் வந்தார்கள். யான் ஓயா கடலோடு சேரும் புடவைக்கட்டைத் தாண்டினால் புல்மோட்டை. கறுப்பு மணலைக் கையில் எடுத்துக் காட்டுங்கள். அதில் இருப்பது இல்மனைட். அதற்காக 1957இல் ஒரு கூட்டுத்தாபனமே உருவானது. திரும்பி வரும்போது கன்னியா வெந்நீரூற்று. ஏழு கிணறுகளும் ஏன் வெவ்வேறு சூட்டில் இருக்கின்றன என்று விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

*இரண்டாம் நாள்: தெற்கு*

இதுதான் என் உண்மையான பரிந்துரை.

சீனக்குடாவிலிருந்து தொடங்குங்கள். மரங்களுக்கிடையே தெரியும் எண்ணெய்த் தாங்கிகளை பிரித்தானியர் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே தங்கள் கடற்படைக்காகக் கட்டினார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. தாக்குதல் வருகிறது என்று துறைமுகத்தை விட்டு வெளியே அனுப்பப்பட்ட ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது.

இங்கே வண்டியை நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள். இந்தத் துறைமுகத்துக்கு யார்தான் வரவில்லை? போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து 1624இல் கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் கண்டி மன்னனோடு சேர்ந்து அதைப் பிடித்தார்கள். 1782இல் ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். ஒரே ஆண்டில் இரண்டு கைமாற்றம். 1795இல் மறுபடியும் ஆங்கிலேயர். அவர்களுடைய கடற்படை 1957இல்தான் தளத்தைக் கையளித்தது. 1927இல் புகையிரதமும் வந்தது. உள்நாட்டிலிருந்து துறைமுகத்துக்கு வீதி வந்தது. எல்லாம் துறைமுகத்தை நோக்கித்தான் வந்தது.

ஆனால் துறைமுகத்துக்கு எதிரே, கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கும் மூதூருக்கு? குடாவைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்கு? அவர்களுக்கு லோஞ்சும் பாதையும்தான்.

திருமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையிலான ஏ15 வீதியை வரைபடத்தில் பாருங்கள். கோடு நேராகத்தான் போகிறது. ஆனால் கிண்ணியாவில் ஒரு பாதை, உப்பாற்றில் ஒன்று, கங்கையில் ஒன்று, இறால்குழியில் ஒன்று, வெருகலில் ஒன்று. மலைநாட்டில் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கொட்டியாரக்குடாவில் கடலோடு சேரும்போது கிளைகளாகப் பிரிகிறது. அந்த மண்தான் மூதூர், கிண்ணியா வயல்களுக்கு வளம் தந்தது. அதே தண்ணீர்தான் ஊரை ஊரிலிருந்து பிரித்து வைத்தது.

ஒரு கரையில் பஸ் நிற்கும். மூட்டை முடிச்சோடு இறங்க வேண்டும். பாதையில் கடந்து அக்கரையில் அடுத்த பஸ். மாரியில் வெள்ளம் இழுத்தால் பாதை நின்றுவிடும். இரவில் பிள்ளைப்பேற்று வலி வந்த உம்மாமார் கரையில் காத்திருந்த கதை கிண்ணியாவில் பழைய குடும்பங்களில் கேட்டால் வரும். யுத்த காலத்தில் சோதனைச் சாவடியும் சேர்ந்துகொண்டது.

இப்போது கிண்ணியாப் பாலத்துக்கு வாருங்கள். நீளம் 396 மீற்றர். சவூதி அரேபியாவின் நிதியுதவியோடு கட்டப்பட்டு 2009 ஒக்டோபர் 20ஆம் திகதி திறக்கப்பட்டது. இலங்கையின் மிக நீளமான பாலம் என்று அன்று பெருமையாகச் சொன்னோம். அரை மணித்தியாலம் காத்திருந்து கடந்த இடத்தை இன்று ஒரு நிமிடத்தில் கடக்கிறோம். பாலத்தின் மேல் வேனை நிறுத்தாதீர்கள், ஆபத்து. கரையில் நிறுத்திவிட்டு நடந்து போய், தம்பலகாமக் குடா ஒரு பக்கமும் கொட்டியாரக்குடா மறுபக்கமும் தெரிவதைக் காட்டுங்கள். 2004 டிசம்பர் 26இல் சுனாமி இந்தக் கரையில்தான் ஏறியது. கரையில் இருந்த கிண்ணியா வைத்தியசாலையும் அழிந்தது. வபாத்தானவர்களுக்காக ஒரு துஆ செய்துவிட்டு நகருங்கள்.

பிறகு உப்பாறு, கங்கை, இறால்குழி. இந்தப் பாலங்கள் பிரான்சின் உதவியோடு 2011இல் திறக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். மூன்றாவது பாலத்தில் அவர்களாகவே கேட்பார்கள்: "முந்தி எப்படிப் போனாங்க?" அந்தக் கேள்வி வந்துவிட்டால் பயணத்தின் பாதி வெற்றி.

மூதூரில் லுஹர் தொழுது, சாப்பிட்டுவிட்டு, வெள்ளைக்காரன் மரத்தின் கதையைச் சொல்லுங்கள். 1659இல் புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், திருத்த வேலைக்காகக் கொட்டியாரத்துக்கு வந்தது. 1660இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவருடைய மகன் ரொபர்ட் நொக்ஸையும் வேறு சிலரையும் பிடித்துக் காட்டு வழியே மலைநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு புளியமரத்தடியில் பிடித்தார்கள் என்பதால் அந்தப் பெயர். மகனுக்கு அப்போது வயது 19. தந்தை அடுத்த ஆண்டே காய்ச்சலில் இறந்தார். மகன் 19 வருடங்களுக்கு மேல் இருந்து, 1679இல் மன்னார்ப் பக்கம் அரிப்புக் கோட்டைக்குத் தப்பிப் போனார். 1681இல் அவர் எழுதிய நூல்தான் அந்தக் காலத்து இலங்கைக் கிராம வாழ்க்கையை அறிய இன்றும் நமக்கு உதவுகிறது. நம் ஊரிலிருந்து தொடங்கிய புத்தகம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

மூதூரில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2006 ஓகஸ்டில் யுத்தம் ஊருக்குள் வந்தபோது மக்கள் கந்தளாய் நோக்கி நடந்தார்கள். குழந்தையைத் தோளிலும் வயதானவர்களைக் கையிலும் பிடித்துக்கொண்டு போனவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். யாரையும் குறை சொல்லுவதற்காக இதைச் சொல்லவில்லை. வீதி என்பது உல்லாசத்துக்கு மட்டுமல்ல என்று பிள்ளைகள் அறிய வேண்டும்.

அங்கிருந்து கிளிவெட்டி, சேருவில, வெருகல். சேருவில விகாரை, வெருகல் சித்திர வேலாயுத சுவாமி கோயில் இரண்டையும் கடந்து போவீர்கள். இந்தக் கரை ஒருவருக்கு மட்டும் சொந்தமானதல்ல. வெருகல் ஆற்றுப் பாலத்தோடு நம் மாவட்டம் முடிகிறது. அஸருக்குள் திரும்பலாம்.

*திரும்பும் வழியில் ஒரு இடம்*

கிண்ணியாவுக்குள் குறிஞ்சாக்கேணிக்குப் போய் ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

பழைய பாலத்தை அகற்றிவிட்டுப் புதியது கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, மாற்று வழியாக அங்கே மீண்டும் பாதை வந்தது. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலையில், பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் பெரியவர்களும் ஏறியிருந்த அந்தப் பாதை கவிழ்ந்தது. அன்று மட்டும் ஆறு உயிர்கள். பெரும்பாலும் சிறு பிள்ளைகள். நாட்டின் மிக நீளமான பாலம் உள்ள அதே ஊரில், அந்தப் பாலம் திறந்து பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு.

இதை நான் வரலாற்றுப் பாடமாகவே சொல்கிறேன். பெரிய வீதிக்குப் பெரிய பாலம் வந்தது. திறப்பு விழாவும் வந்தது. ஒரு சின்னக் கிராமத்துப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் குறுக்கு வழிக்கு அந்த அவசரம் வரவில்லை. துறைமுகத்துக்கு வழி செய்தவர்கள் குடாவைச் சுற்றி வாழ்ந்தவர்களை மறந்தது வெள்ளைக்காரன் காலத்துக் கதை என்று நினைத்திருந்தோம். அது நம் காலத்திலும் நடந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு அல்லாஹ் உயர்ந்த சுவர்க்கத்தைக் கொடுப்பானாக. ஆமீன்.

ஆகவே பெற்றோரே, பயணத்தில் எங்கே படகில் ஏறினாலும் உயிர்காப்பு அங்கி இல்லையென்றால் ஏறாதீர்கள். ஆட்கள் அதிகமென்றால் அடுத்த படகுக்கு நில்லுங்கள். தண்ணீரும் சாப்பாடும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். நவம்பரில் மாரி தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், அதற்கு முன் போய்விடுங்கள்.

முடிந்தால் வேனில் ஒரு சீட்டை வாப்பிச்சாவுக்கோ உம்மும்மாவுக்கோ ஒதுக்குங்கள். ஐந்து பாதைகளிலும் ஏறி இறங்கியவர்கள் அவர்கள்தான். பாலத்தை நான் விளக்கலாம், கூகுளும் காட்டும். அந்தக் கரையில் காத்திருந்த இரவை அவர்களால் மட்டும்தான் சொல்ல முடியும். அவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் ஒரு கொப்பியில் எழுதட்டும். எழுதியதை இங்கேயும் பகிருங்கள், இன்ஷா அல்லாஹ் அடுத்த தவணையில் வகுப்பில் வாசிப்போம்.